ஊரை எண்ணச் சொன்ன வாத்தியார்

திருநெல்வேலியில இருந்து கோவில்பட்டிக்கு பஸ் ஏறினா, கொஞ்ச நேரத்துல கங்கைகொண்டான் வரும். ராஜேந்திர சோழனோட கங்கைகொண்ட சோழபுரம் இல்ல, இது சிற்றாத்தங்கரையில இருக்கிற ஊர். நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டா சிப்காட்டும் டயர் கம்பெனியும்தான் ஞாபகம் வரும். கோவில்பட்டிக்கு வடக்கே, சிவகாசி பக்கத்துல வடமலாபுரம்னு ஒரு ஊர் இருக்கு. பழைய காகிதங்கள்ல வடமலைபுரம்னு எழுதியிருப்பாங்க. அது கரிசல் காட்டு ஊர்.

இந்திய கிராமங்களைப் பத்தி ஆராய்ச்சி செய்றவங்களுக்கு, அவங்க எந்த நாட்டுல இருந்தாலும், இந்த ரெண்டு ஊர்ப் பேரும் பழக்கம். அதுக்குக் காரணம் கில்பர்ட் ஸ்லேட்டர். பொருளாதாரம் படிக்கிறவங்க நடுவுல பிரபலமான பேரு. நம்மள மாதிரி மெஷின் டிசைன் படிக்கிறவங்க காதுக்கு அது வந்து சேர்றதே இல்ல.

ஸ்லேட்டர் 1864-ல இங்கிலாந்தோட பிளிமத் துறைமுக நகரத்துல பிறந்தார். கேம்பிரிட்ஜ்ல செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில படிச்சார். அவருக்கு முதல்ல பேர் வாங்கிக் கொடுத்தது இங்கிலாந்து கிராமங்களைப் பத்தின ஆராய்ச்சி. அங்க ஒரு காலத்துல வயல்களுக்கு வேலி கிடையாது. பெரிய திறந்த வெளியில ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீள நீளமா துண்டு நிலம் இருக்கும், மேய்ச்சல் நிலம் எல்லாருக்கும் பொது. பிறகு பார்லிமென்ட் சட்டம் போட்டுப் போட்டு அந்த நிலங்களுக்கு வேலி அடைச்சாங்க. பெரிய பண்ணைகள் வந்துச்சு, சின்ன விவசாயி கூலியானான், இல்லன்னா பட்டணத்துக்குப் போனான். 1907-ல வந்த ஸ்லேட்டரோட புத்தகம் இதைத்தான் சொல்லுது. அவர் லைப்ரரியில உட்கார்ந்து சட்டங்களை மட்டும் புரட்டல. பழைய முறை மிச்சம் இருந்த லாக்ஸ்டன் மாதிரியான ஊர்களையும் ஆராய்ஞ்சு எழுதினார்.

நடுவுல அரசியலும் உண்டு. 1905-06-ல லண்டன் பக்கத்து வுலிச்சுக்கு மேயரா இருந்தார். ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிங்க நிறைஞ்ச பகுதி அது. 1909-ல ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வரா போனார். சுரங்கத்துலயும் மில்லுலயும் வேலை செஞ்சவங்க வந்து படிக்கிற கல்லூரி. அவர் பொறுப்பேத்த வருஷம்தான் அங்க மாணவர்கள் பெரிய ஸ்டிரைக் நடத்தி, கல்லூரி ரெண்டா உடைஞ்சிருந்துச்சு. அந்த நெருப்புக்கு நடுவுல ஆறு வருஷம் நிர்வாகம் பண்ணின மனுஷன், 1915-ல மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரா வந்தார். அந்தப் பதவியில முதல் ஆள் அவர்தான்.

அப்ப மெட்ராஸ் பல்கலைக்கழகம் ரொம்ப காலமா பரீட்சை நடத்தி டிகிரி கொடுக்கிற அமைப்பாத்தான் இருந்துச்சு. பொருளாதாரம்னா இங்கிலீஷ் புத்தகம், அதுல இங்கிலாந்து உதாரணம். மனப்பாடம் பண்ணு, எழுது, பாஸ் ஆகு. (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?) இந்தியப் பொருளாதாரம்னு பதவிக்குப் பேர் வெச்சாச்சு. ஆனா ஒரு சராசரி தமிழ்க் கிராமத்துல எத்தனை பேருக்கு நிலம் இருக்கு, கூலி எவ்வளவு, வட்டி எவ்வளவுன்னு பாடம் நடத்துறவர் கேட்டா, பதில் சொல்ல ஒழுங்கான புத்தகம் இல்ல. ஜமாபந்திக் கணக்கு இருந்துச்சு. அதுல வரி தெரியும், வாழ்க்கை தெரியாது.

ஸ்லேட்டர் செஞ்ச வேலை கேட்கிறதுக்கு சாதாரணமா இருக்கும். மாணவர்கள் கையில ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவங்கவங்க ஊருக்கே அனுப்பினார். ஊர்ல எத்தனை வீடு, எந்த சாதிக்கு எந்தத் தெரு, நிலம் யார் பேர்ல, கிணறு எத்தனை, என்ன விதைக்கிறாங்க, விளைஞ்சதை எங்க விக்கிறாங்க, கடன் யார்கிட்ட, சாப்பாடு என்ன. இந்த மாதிரி கேள்விகள். 1916-ல தொடங்கின இந்த வேலையில கிடைச்ச மாணவர் அறிக்கைகளைத் தொகுத்து 1918-ல ஆக்ஸ்போர்டு யுனிவர்சிட்டி பிரஸ் புத்தகமா போட்டுச்சு. அதுல தஞ்சாவூர்ப் பக்கத்து பாலக்குறிச்சி உண்டு, வட ஆற்காட்டு தூசி உண்டு, தென் ஆற்காட்டு இருவேல்பட்டு உண்டு. தெற்கே வந்தா நம்ம வடமலைபுரமும் கங்கைகொண்டானும். அப்ப மலபார் மெட்ராஸ் மாகாணத்துல இருந்ததால அந்தப் பக்கத்து ஊர்களும் உண்டு.

மானுடப் புவியியல் முதல் வருஷப் பாடத்துல ஒரு பழைய சண்டை வரும். மண்ணும் மழையும் மனுஷனோட பிழைப்பை முடிவு பண்ணுதா, இல்ல அவை சில வழிகளைத் திறந்து வைக்க, மனுஷன் அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறானா? பிரெஞ்சுக்காரர் விடால் டி லா பிளாஷ் ரெண்டாவது கட்சி. ஸ்லேட்டரோட நண்பர் பேட்ரிக் கெடஸ், நகரத் திட்டமிடல்ல பெரிய பேரு, இடம் வேலை மக்கள் மூணையும் சேர்த்துப் பார்க்கணும்னு சொன்னவர். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின புத்தகம் 1917-ல வந்துச்சு.

இந்தச் சண்டையைக் கரிசல்ல வெச்சுப் பாருங்க, சூடு பிடிக்கும். கரிசல் மண் ஈரத்தை விடாம பிடிச்சு வெச்சுக்கும். கோடையில கால் நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். ஆத்துப் பாசனம் இல்லாத காட்டுல, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைச்சு, பிறகு பனியையும் மண்ணுல தங்கின ஈரத்தையும் வெச்சுக் கரையேறணும். அதனாலதான் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. கோவில்பட்டியில 1901-லயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்ததும் இந்த மண்ணாலதான். இதுவரைக்கும் முதல் கட்சி ஜெயிச்ச மாதிரி இருக்கும்.

ஆனா தீப்பெட்டி? காத்துல ஈரம் கம்மி, அதனால தீப்பெட்டித் தொழில் வந்துச்சுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. 1916-லயும் இந்தக் காத்து காய்ஞ்ச காத்துதான். சிவகாசியில தீப்பெட்டித் தொழில் இல்ல. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்த பிறகு, 1920-களோட தொடக்கத்துலதான் அது முளைச்சது. வானம் அப்படியேதான் இருந்துச்சு, ரெண்டு பேர் ரயில் ஏறினதுல கதை மாறிச்சு. மழை பொய்ச்ச காட்டுல கூலிக்கு ஆள் தயாரா இருந்ததும் சேர்ந்துக்கிச்சு. வடமலைபுரத்து அறிக்கை எழுதப்பட்டது இதுக்கெல்லாம் சில வருஷம் முன்னாடி. தீக்குச்சி வர்றதுக்கு முந்தின சிவகாசிப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு மாணவன் எழுதி வெச்சது நமக்குக் கிடைச்சிருக்கு. என்ன வரப்போகுதுன்னு தெரியாம எழுதினதால அதை என்னால ரொம்ப நம்ப முடியுது.

இதுல ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு, அதை மறைக்க வேண்டாம். 1916-ல காலேஜ் போன பையன் யாரு? பெரும்பாலும் மேல்சாதி வீட்டுப் பையன், நிலம் இருக்கிற வீட்டுப் பையன். அவன் தன் ஊர்ச் சேரிக்குள்ள போய்க் கூலி எவ்வளவுன்னு கேட்டா, கூலி கொடுக்கிற முதலாளி மகன்கிட்ட அந்த ஆள் என்ன பதில் சொல்லியிருப்பார்? பெண்கள்கிட்ட யார் கேட்டது? சொந்த ஊர்ங்கிறது வசதி, அதே நேரம் கண்ணை மறைக்கிற திரை.

ஸ்லேட்டர்கிட்ட வேற குறையும் உண்டு. எண்ணிப் பார்க்கிற இடத்துல நிதானமா இருந்தவர், ஊகம் பண்ற இடத்துல கட்டுப்பாடு இல்லாம ஓடுவார். 1924-ல இந்தியப் பண்பாட்டுல திராவிடக் கூறு பத்தி ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்துல மானுடப் புவியியலை வளர்த்த ஃபிளூர் அதுக்கு முன்னுரை கொடுத்தார். தமிழர்களுக்குப் பிடிச்ச முடிவுகள் அதுல நிறைய. ஆனா திராவிடர் எங்கிருந்து வந்தாங்கன்னு அவர் சொல்றதை இன்னைக்கு அப்படியே ஏத்துக்க முடியாது. 1931-ல இன்னொரு படி மேல போய், ஷேக்ஸ்பியர் பேர்ல எழுதினது ஏழு பேர்னு ஒரு புத்தகமே போட்டார்! கிராமத்துக்குப் போய்க் கிணறு எண்ணச் சொன்ன அதே ஆள்தான்.

பேராசிரியர் பதவி 1921 வரைக்கும். அதுக்குப் பிறகு மாகாண அரசுக்கு விளம்பர அதிகாரி, சட்டசபை உறுப்பினர்னு ஒரு வருஷம் போல இருந்துட்டு இங்கிலாந்து திரும்பினார். தென்னிந்தியாவைப் பத்தின கடைசிப் புத்தகம் 1936-ல வந்துச்சு. 1938-ல இறந்தார்.

அவர் உயிரோட இருக்கும்போதே, 1936-37-ல, மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்ப ஆள் அனுப்பினாங்க. அந்த மறு ஆய்வு 1940-ல புத்தகமாச்சு. இருவேல்பட்டுக்கு 1960-கள்லயும் ஆள் போனாங்க. 1980-கள்ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வடமலைபுரம் உட்பட பழைய ஊர்களுக்குப் போனாங்க. இருவேல்பட்டுல 2008-லயும் ஆய்வு நடந்துச்சு. ஒரே ஊரைத் தலைமுறைக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப எண்ணின கணக்கு உலகத்துலயே அபூர்வம். யார் நிலம் யார் கைக்குப் போச்சு, கூலிக்கார வீட்டுப் பிள்ளை எப்ப ஸ்கூலுக்குப் போச்சுன்னு வரிசையா பார்க்க முடியுது. அந்த வரிசையோட முதல் எண்ணைப் போட்டவங்க நம்ம வயசுக்காரங்க. லீவுக்கு ஊருக்குப் போனவங்க.

நம்ம என்எஸ்எஸ் கேம்ப்லயும் கிராம சர்வேக்கு ஃபார்ம் கொடுப்பாங்க. அதுல பாதி ஃபார்ம் ஹாஸ்டல் ரூம்ல வெச்சு நிரம்புறது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்துப் பசங்க இந்த இதழைப் படிக்கிறீங்கன்னு தெரியும். காற்றாலைக்குப் போன நிலத்துல முன்னாடி என்ன விளைஞ்சது, சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுறவங்களுக்கு மூட்டைக்கு என்ன கிடைக்குது, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற அக்கா எத்தனை மணிக்கு வீடு திரும்புறாங்க, பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு யார் எந்த வருஷம் மாறினாங்க. உங்க ஊர்ல இதுக்கெல்லாம் பதில் தெரிஞ்ச பெருசுங்க இன்னும் திண்ணையில உட்கார்ந்திருக்காங்க.