நூலகக் கல்விக்குப் பல்கலைக்கழக வாசலைத் திறந்த கணித ஆசிரியர்

புது தில்லி, ஆக. 12: நூல்களை அடுக்கி வைக்க ஒரு பட்டப்படிப்பு தேவையா என்று கல்வியாளர்களே ஐயுற்ற காலத்தில், தேவை என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டு நிலைநாட்டியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவரது பிறந்த நாளாகப் பதிவான ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

1892-ல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் கணிதம் பயின்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். அப்பணி அவருக்குத் தொடக்கத்தில் சலிப்பையே தந்தது. கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினார். லண்டனில் பெற்ற பயிற்சியும் அங்கு நேரில் கண்ட நூலகங்களும் அவர் மனத்தை மாற்றின.

தாயகம் திரும்பியவருக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் இல்லாதது பெருங்குறையாகத் தெரிந்தது. 1929-ல் சென்னை நூலகச் சங்கம் கோடைக்காலப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931-ல் அதனைப் பல்கலைக்கழகமே ஏற்றது. 1937-ல் அது ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது.

கற்பிப்பதற்கு ஏற்ற கோட்பாட்டு நூல்கள் இல்லாதது அடுத்த தடை. அவற்றை அவரே எழுதினார். நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931-லும், கோலன் பகுப்பு முறை 1933-லும் வெளிவந்தன. பழக்கத்தால் கைவந்த தொழிலை விதிகளும் காரணங்களும் கொண்ட அறிவுத் துறையாக அவை மாற்றின.

1945 முதல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாக இருந்தவரும் தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான சர் மாரிஸ் குவையர் அவரை 1947-ல் தலைநகருக்கு அழைத்தார். இங்கு நூலக அறிவியலில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்ட ஆய்வும் ஏற்பட்டன. இத்துறையில் இந்தியாவின் முதல் முனைவர் பட்டம் அவரது வழிகாட்டுதலில் தில்லியிலேயே வழங்கப்பட்டது.

படிப்பு வந்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. நூலகத்தை நிர்வகிப்பவரே ஓய்ந்த நேரத்தில் வகுப்பும் நடத்தும் ஏற்பாட்டில் இரண்டுமே நலியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த குழுக்களுக்குத் தலைமை வகித்தபோது, நூலகர்களுக்கு ஆசிரியர்களுக்கு நிகரான ஊதியமும் தகுதியும், துறைக்கு முழுநேர ஆசிரியர்களும் வேண்டும் என்பதையே வலியுறுத்தினார்.

தமது சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலக அறிவியல் பேராசிரியர் இருக்கைக்கு வழிசெய்தார். 1962-ல் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆய்வுப் பயிற்சி மையத்தை உருவாக்கினார். 1965-ல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்ற சிறப்பை மத்திய அரசு வழங்கியது. 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் காலமானார்.

அட்டைப் பட்டியலின் இடத்தைக் கணினி பிடித்துவிட்டது. துறையின் பெயரிலும் தகவல் அறிவியல் சேர்ந்துவிட்டது. ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலை அணிவிக்கும் பல்கலைக்கழகங்கள், முழுநேர ஆசிரியர், நிகரான ஊதியம் என்ற அவரது இரு பரிந்துரைகளையும் தாங்கள் எவ்வளவு நிறைவேற்றியுள்ளோம் என்று கணக்குப் பார்ப்பதே அவருக்கு உரிய அஞ்சலியாகும்.