திரைக்கு அந்தப் பக்கம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



நம்ம கச்சிராயபாளையம் பக்கம் பிரசவம் ஆன வீடுகளில் ஒரு பேர் அடிக்கடி காதில் விழும். முத்துலட்சுமி பணம் வந்துடுச்சா என்று அக்கம்பக்கத்தார் விசாரிப்பார்கள். என் அக்காவுக்காக அந்த மகப்பேறு நிதியுதவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடையாய் நடந்தவன் நான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றால் யார் என்று வரிசையில் நின்றவர்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்! பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் இருந்த குலம் அது. அந்தக் குலத்தோடு தொடர்புள்ள பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் நினைத்த காலம்.

மெட்ரிக் தேறியதும் ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்கு மனுப் போட்டார். இவள் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகே இடம் கிடைத்தது. அப்போதும் மாணவர்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரை! அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் டாக்டராக வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை.

அரசியலிலும் அவருக்கு முன்னால் திரை இருந்தது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். ஆனால் சொத்துத் தகுதி இருந்தால்தான் ஓட்டு. பெண்கள் பேரில் சொத்து எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? அதோடு, ஓட்டுப் போடலாம், சட்டசபையில் உட்காரக்கூடாது என்ற நிலை 1926 வரை நீடித்தது. தடை நீங்கிய பிறகு கமலாதேவி சட்டோபாத்யாய் தேர்தலில் நின்றார். சொற்ப ஓட்டில் தோற்றார். அந்தத் தேர்தலில் ஒரு பெண்கூட ஜெயித்து வரவில்லை. ஆகவே முத்துலட்சுமி அம்மையாரை அரசு நியமன உறுப்பினராக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

நியமனம்தானே, பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. எந்தக் குலத்தைச் சொல்லி அவரைத் தாழ்த்தினார்களோ, அந்தப் பெண்களுக்காகவே எழுந்து நின்றார். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவரே எதிர்த்தார். தேவதாசிகளில் ஒரு சாராரும், எங்கள் பிழைப்பும் கலையும் என்னாவது என்று எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். அம்மையார் பின்வாங்கவில்லை. 1930இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் தூக்கி எறிந்தார். பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேற 1947 ஆகிவிட்டது. இருபது வருஷப் போராட்டம்!

பதவி போனதும் வேலை நின்றுவிட்டதா? இல்லை. எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாத தேவதாசி குலப் பெண் பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் அவர் மனதில் கிடந்தது. 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதற்கு அதுவே வித்து. 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நமக்கு மேலே இருக்கும் கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கி 1996இல் தமிழ்நாட்டில் தேர்தல் நடந்தது. 2016இல் அதைப் பாதியாக்கிச் சட்டம் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் தலைவர் பேரு பலகையில், தலைவர் வீட்டுக்காரர் நாற்காலியில் என்று பேசிச் சிரிக்கிறோமே, அதுவும் ஒரு திரை இல்லையா?

கடைசிக் காரணத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நம் பேரவைத் தேர்தலில் இணைச் செயலாளர் பதவிக்கு வெள்ளிமலைப் பக்கத்து மாணவி ஒருவர் மனுத் தாக்கல் செய்தார். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிற பொண்ணு எப்படிக் கூட்டத்துக்கு வரும், மலைக்காரப் பொண்ணு சொன்னா எவன் கேட்பான் என்று கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் அந்தத் தங்கை மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். போட்டியின்றித் தேர்வானவன் யார் தெரியுமா? நான்தான். கேலி செய்தவர்களோடு சேர்ந்து சிரித்தவனும் நான்தான்.

முத்துலட்சுமி அம்மையாரைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. அந்தக் காலத்தில் திரை கட்டினவர்களைத் திட்டிக்கொண்டே படித்தேன். நடுவில் பார்த்தால், கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது.

பேரவைக் கூட்டத்தை மாலையிலிருந்து மதிய இடைவேளைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தங்கை இப்போது இரண்டாம் ஆண்டு. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அடுத்த வருஷம் மறுபடி நில்லுங்கள் என்றும் சொன்னேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் படிப்பு முடித்துப் போய்விடுவேன். அவரை முன்மொழியப் போவது உங்களில் யார்?