மேரி ஷார்லீப் அம்மையார்

சென்னைத் திருவல்லிக்கேணியில், கடற்கரைக்கு அணித்தாய், பொதுமக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் வழங்கும் மருத்துவமனை ஒன்று உண்டு. அதன் வாயிலில் நாடோறும் செல்வோருள் எத்துணைப் பேர் அப்பெயரின் வரலாற்றை அறிவர்? அதனைத் தோற்றுவித்த பெருமாட்டியின் வாழ்க்கையை ஈண்டுச் சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம். வைத்தியக் கல்வியை நாடும் மாணவியர் நம்மிடையே பலராதலின், அவ்வழியை முதன்முதல் நடந்தவர் பட்ட பாடு இன்னதென்று அவர்கள் அறிதல் வேண்டும்.

அம்மையார் 1845ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்தார். இயற்பெயர் மேரி பேர்ட். பிறந்த சின்னாளில் தாயை இழந்து, பாட்டன் பாட்டியரிடம் சமயப் பற்று மிக்க சூழலில் வளர்ந்தார். பிரசவத்தின் பின் மாண்டொழியும் தாய்மார் கதை அவருக்கு ஊரார் சொல்லித் தெரிந்ததன்று. தம் பிறப்போடே வந்தது. 1865இல் வில்லியம் ஷார்லீப் என்னும் பாரிஸ்டரை மணந்து, அடுத்த ஆண்டில் கணவருடன் சென்னை சேர்ந்தார். கணவருக்கு இங்கே வழக்கறிஞர் தொழில். அம்மையாரும் சட்டப் பத்திரிகை வேலையில் அவருக்குத் துணை நின்றார்.

அக்காலத்தில் கோஷா முறையிலிருந்த முகம்மதிய மாதரும், உயர்குல இந்து மாதர் பலரும், உயிர் போவதாயினும் ஆடவ வைத்தியர் முன் வருவதில்லை. மருத்துவச்சியின் கைம்முறையே கதி. அச்செய்திகள் செவிப்பட்டபோது அம்மையார் வாளாவிருக்கவில்லை. ஆயினும் தாமே வைத்தியராதல் எங்ஙனம்? பிரிட்டனிலோ எடின்பரோ நகரில் 1870இல் வைத்தியம் பயில வந்த மாதரைப் பரீட்சை மண்டபத்தினுள் விடாது மாணவர் கூட்டம் மறித்துச் சேற்றை வீசியது. 1874இல் இலண்டனில் பெண்களுக்கென ஒரு வைத்தியப் பள்ளி தோன்றிற்று. ஆனால் நோயாளரைக் கண்டு பயில அதற்கு 1877 வரை ஓர் ஆஸ்பத்திரி கிட்டவில்லை. இந்நிலையில், சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்பர் துரை வற்புறுத்தியதன் பயனாய், சென்னை வைத்தியக் கல்லூரி 1875இல் தன் கதவைப் பெண்களுக்குத் திறந்தது. ஆளும் நாட்டின் தலைநகர் கொடாததை ஆளப்பட்ட நாட்டின் மாகாண நகரம் ஒன்று கொடுத்தது. இதனை நினைக்குந்தோறும் நமக்கு உவகையும் நகையும் ஒருங்கே தோன்றுகின்றன.

அம்மையாருடன் வேறு மூவரும் சேர்ந்தனர். அம்மையாருக்கு அப்போது வயது முப்பது, குழந்தைகள் மூவர். கதவு திறந்தது மெய்யே. உள்ளிருந்தோர் மனம் திறந்ததோ எனின், அஃது வேறு. ஆசிரியருள் ஒருவர், நோயாளர் கூடங்களில் அவர்கள் உலாவுவதைத் தம்மால் தடுக்கவியலாது என்றும், ஆனால் தாம் கற்பிக்கப் போவதில்லை என்றும் முகத்துக்கெதிரே கூறிவிட்டார். சட்டத்தால் மறுக்க இயலாததை மௌனத்தால் மறுக்கும் இவ்வகை, வெளிப்படையான எதிர்ப்பினுங் கொடிது என்பது நம் கருத்து. சேற்றை வீசினவரைப் பத்திரிகைகள் இகழ்ந்தன. வாய்மூடி நின்றவரை யார் இகழ்வார்?

அம்மையார் 1878இல் தேர்ச்சி பெற்றார். அவ்வாண்டே கிருபாபாய் என்னும் கிறிஸ்தவ நங்கை இக்கல்லூரியிற் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் படிப்பை விடுத்து, பின்னர் நாவலாசிரியராய்ப் புகழ்பெற்றார். சில ஆண்டுகளில், கல்கத்தாவில் இடம் மறுக்கப்பட்ட வங்க மாணவி அபலா தாஸ் இங்கு வந்து பயின்றார். பின்னாளில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியானவர் இவரே.

சென்னைச் சான்றிதழோடு அம்மையார் மனநிறைவு கொள்ளவில்லை. ஆடவர் பெறும் பட்டமே தமக்கும் வேண்டும் என்று குழந்தைகளுடன் இங்கிலாந்து சென்றார். இலண்டன் சர்வகலாசாலை 1878இல்தான் பெண்களுக்குப் பட்டமளிக்க உடன்பட்டிருந்தது. 1882இல் வைத்தியப் பட்டத்தையும், மகப்பேற்று வைத்தியத்தில் தங்கப் பதக்கத்தையும் அம்மையார் பெற்றார். பின் வியன்னாவிற் சிறிது பயின்று, விக்டோரியா மகாராணியாரைக் கண்டு இந்திய மாதர் நிலையை எடுத்துரைத்து, 1883இல் சென்னை மீண்டார். தமக்குக் கற்பிக்க மறுத்தோர் இருந்த அதே கல்லூரியில் மகப்பேற்று வைத்தியப் போதகரானார்.

1885இல் சாதி இந்து மாதர்க்கும் கோஷா மாதர்க்கும் உரிய ஆஸ்பத்திரியை நிறுவினார். மகாராணியார் தம் பெயரை வழங்கினார். வெங்கடகிரி ராஜா இலட்சம் ரூபாய் ஈந்தார். சாதியைப் பெயரிலேயே தாங்கிய அவ்வமைப்பு நமக்கு உவப்பானதன்று. எனினும் அம்மறைப்பு இன்றேல் அம்மாதர் வந்தேயிரார் என்பதையும் மறுக்க இயலாது. 1948 முதல் அது கஸ்தூரிபா காந்தியின் பெயர் பூண்டு நிற்கின்றது.

ஓயாத உழைப்பால் உடல் தளர, 1887இல் அம்மையார் இந்நாட்டை விட்டகன்றார். மறு ஆண்டில் இலண்டன் சர்வகலாசாலையின் எம்.டி. பட்டத்தைப் பெண்களுள் முதன்முதற் பெற்றார். சத்திர வைத்தியத்திற் கைதேர்ந்த அவர், மாதர் நடத்திய மாதர் ஆஸ்பத்திரியிலேதான் நெடுங்காலம் பணிபுரிய நேர்ந்தது. ராயல் ப்ரீ ஆஸ்பத்திரி அவரை மாதர்நோய் வைத்தியராக நியமித்தது 1902இல். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. இத்துணைத் தகுதியுடைய ஆடவர் ஒருவர் அவ்விடத்தைப் பெற அவ்வயது வரை காத்திருந்திரார்.

ஈண்டு ஒன்றை நாம் சிந்தித்தல் வேண்டும். பெண்களின் நோய்க்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்னும் வாதமே அக்கதவைத் திறந்த திறவுகோல். பின்னர் அதுவே வேலியும் ஆயிற்று. பெண்ணாகிய வைத்தியர் பெண்களுக்கும் சிறாருக்கும் உரியவரேயன்றிப் பொது வைத்தியத்திற்கு உரியரல்லர் என்று உலகம் அமைந்துவிட்டது. 1885இல் எழுந்த டப்ரின் நிதியின் ஆஸ்பத்திரிகளில், பெண் வைத்தியர் பல இடங்களில் ஆடவராகிய சிவில் சர்ஜனின் மேற்பார்வைக்குட்பட்டே இருந்தனர். அக்குறை நீங்க 1914இல் இந்திய மாதர் வைத்திய ஊழியம் அமைந்தபோது, அதற்காக முயன்றோருள் அம்மையாரும் ஒருவர். ஆயினும் அங்கும் சம்பளம், ஆடவர் பெற்ற ஐ.எம்.எஸ். சம்பளத்தினும் தாழ்ந்ததே.

அம்மையாரின் கொள்கைகள் யாவும் நமக்கு உடன்பாடல்ல. கர்ப்பத்தடை முறைகளை அவர் இறுதிவரை வன்மையாய் எதிர்த்தார். மேலும், நாளெல்லாம் உழைக்க வல்ல தம் உடலுறுதியையும், தம் கணவரின் அரிய பெருந்தன்மையையும் எல்லாப் பெண்களும் பெற்றிருப்பர் என எண்ணலாகாது.

1926இல் டேம் என்னும் சிறப்புப் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. முதல் உலகப் போரில் ஆடவர் களம் சென்றமையால் மாணவியரைச் சேர்த்துக்கொண்ட இலண்டன் வைத்தியப் பள்ளிகள் பல, அப்பட்டம் வந்த அதே பத்தாண்டில், ஒன்றன்பின் ஒன்றாய்த் தம் கதவை அடைத்துக்கொண்டிருந்தன. எண்பது கடந்த அம்மையார் அதனையும் கண்டார். 1930ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் காலமானார். அடைபட்ட கதவுகள் மீண்டும் திறக்க இரண்டாம் உலகப் போரும் கழிய வேண்டியிருந்தது.