காலங் கழிதலும் கழித்தலும்: டாக்டர் ஜான்ஸன் சரித்திரம்

மாணவர் சிலருடன் ஒருநாள் யாம் தனுஷ்கோடி முனைக்குச் சென்றிருந்தோம். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் தேதி இரவு எழுந்த புயலில் அழிந்த ரயில் நிலையத்தின் சுவர்களையும், கூரையிழந்து நிற்கும் மாதா கோவிலையும் கண்டபின் மணலில் அமர்ந்து இளைப்பாறினோம். கண்டவற்றைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுமாறு மாணவரைப் பணித்திருந்தோம். ஒருவர் தம் கையேட்டை நீட்டினார். புயலுக்குப் பின் பல ஆண்டுகள் கழிந்தன என்பதற்கு அவர் 'பாஸ்டு அவே' என்று எழுதியிருந்தார். வானமும் பூமியும் ஒழிந்துபோதலை உரைக்கப் பழைய ஆங்கில வேத மொழிபெயர்ப்பில் வந்த சொல்லே அது. எனினும் இக்காலத்து ஆங்கிலர், ஒருவர் இறந்த செய்தியை நயம்படக் கூறுதற்கே அதனைப் பெரும்பாலும் வழங்குவர். ஆகவே 'வென்ட் பை' என்று திருத்துக என்றோம். 'கோ' என்றால் போதல், 'பை' என்றால் அருகே. இரண்டும் கூடிக் கழிதல் என்னும் பொருள் எங்ஙனம் பிறந்தது என்று அவர் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. வினையொன்றும் சிறு சொல்லொன்றும் கூடிப் புதுப்பொருள் தரும் இத்தொடர்களே அந்நிய நாட்டார்க்கு மிகுந்த இடர் விளைப்பன என்பதனை உணர்ந்து, தம் அகராதியின் முன்னுரையில் அதனை எடுத்துரைத்து, அவற்றைத் தேடித் தொகுத்தவர் டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன். இத்தொடர்களுக்கு இன்று வழங்கும் 'பிரேஸல் வெர்ப்' என்னும் பெயரோ நெடுங்காலம் பின்னரே பரவியது. லோகன் பியர்ஸால் ஸ்மித் என்பவர் 1925-இல் வெளியிட்ட நூலில் அதனை ஆண்டு, ஹென்றி பிராட்லி என்னும் அகராதியாசிரியர் தமக்கு உரைத்த பெயரென்று குறித்தார்.

ஜான்ஸன் 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் லிச்பீல்டு நகரில் பிறந்தார். தந்தை மைக்கேல் புத்தக வியாபாரி. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் பற்றியதால் கண்ணொளி குன்றியது. முகத்திலும் வடு நிலைத்தது. 1728-இல் ஆக்ஸ்போர்டு பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். அவருடைய பாதரட்சை கிழிந்து விரல்கள் வெளியே தெரிந்ததைக் கண்ட யாரோ ஒருவர் புதிய சோடொன்றை அறைவாயிலில் வைத்துச் செல்ல, அவர் வெகுண்டு அதனைத் தூர எறிந்தாராம். பதின்மூன்று மாதங்களிற் பணமின்மையாற் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1732-இல் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராயிருந்து மனம் வெறுத்து விலகினார். நம் நாட்டில் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்த ஆண்டும் அதுவே என்பதை இங்கு நினைக்கலாம்.

1735-இல் தம்மினும் இருபதாண்டு மூத்த எலிஸபெத் போர்ட்டர் என்னும் விதவையை மணந்தார். அவ்வம்மையின் பொருளைக்கொண்டு தொடங்கிய பள்ளிக்கூடம் நடைபெறவில்லை. 1737-இல், தம் மாணாக்கரும் பிற்காலத்துப் பெரும் நடிகருமான டேவிட் காரிக் என்பவருடன் லண்டன் புகுந்து, பத்திரிகைகளுக்கு எழுதி ஜீவித்தார்.

1746-இல் புத்தக வியாபாரிகள் சிலர் கூடி, ஆங்கிலத்துக்கு ஓர் அகராதி செய்து தருமாறு அவரோடு 1,500 கினிக்கு உடன்படிக்கை செய்தனர். பிரெஞ்சு அகராதிக்கு நாற்பது வித்துவான்கள் பல்லாண்டு உழைத்திருக்க, ஜான்ஸனோ மூன்றாண்டில் முடிப்பேனென்றார், முடிக்க ஒன்பதாண்டாயிற்று. காஃப் சதுக்கத்து வீட்டின் மேன்மாடத்தில் ஆறு எழுத்தர்கள் அமர்ந்திருந்தனர். ஜான்ஸன் நூல்களைப் படித்து, வேண்டிய சொல்லின் கீழ்ப் பென்ஸிலாற் கோடிட்டு, அதன் முதலெழுத்தை ஓரத்திற் குறித்துக் கொடுப்பார். எழுத்தர்கள் அவ்வாக்கியத்தைத் துண்டுக் காகிதத்திற் பெயர்த்தெழுதுவர். ஒரு சொல்லுக்கு உரிய பொருளை அதற்கு வாய்த்த உபயோகங்களினின்றே காண்பது அவர் முறை. 'டேக்' என்னும் ஒரு வினைக்கு மாத்திரம் 134 பொருள்கள் பிரித்தார். காலம் என்று பொருள்படும் 'டைம்' என்னும் சொல்லுக்கு இருபது.

இடையிலே 'ராம்ப்ளர்' என்னும் தாளை வாரம் இருமுறையாக இரண்டாண்டு நடத்தினார். 1752 மார்ச்சு மாதத்தில் அத்தாள் நின்ற சில நாட்களில் மனைவியார் இறந்தார். அவ்வாண்டே இங்கிலாந்து பழைய பஞ்சாங்கத்தை விடுத்துப் புதியதை ஏற்றதால், செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14-ஆம் தேதியாயிற்று. 7-ஆம் தேதி பிறந்த ஜான்ஸனுக்கு அதன்பின் பிறந்தநாள் 18 என்றாயிற்று. பதினொரு நாட்கள் சட்டத்தாலேயே மறைந்தன. ஏனைய நாட்களை மறையவிட்டவர் தாமே என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணம் சாமளவும் அவரை விடவில்லை.

இங்கே மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். காலத்தைப் பற்றிய ஆங்கிலத் தொடர்கள் இருவகைப்படும். 'கோ பை', 'ஸ்லிப் அவே', 'டிராக் ஆன்', 'ரன் அவுட்' என்பவற்றில் காலமே எழுவாய், அது போகின்றது, நழுவுகின்றது, இழுபடுகின்றது, தீர்கின்றது, நம்மேற் குற்றமில்லை. 'ஒயில் அவே', 'ஐடில் அவே', 'ஃப்ரிட்டர் அவே' என்பவற்றிலோ எழுவாய் மனிதன். முதலாவது பொழுதை இனிதே போக்குதல், இரண்டாவது சோம்பிக் கழித்தல், மூன்றாவது சிறிது சிறிதாக வீணாக்குதல். நம் தமிழில் இவ்வேறுபாட்டுக்கு வேறு சொல் தேடவேண்டுவதில்லை. நாள் கழிந்தது, நாளைக் கழித்தோம்; பொழுது போயிற்று, பொழுதைப் போக்கினோம்: தன்வினை பிறவினையாகத் திரிந்த மாத்திரத்திற் பழி காலத்தினின்றும் நம் தலைக்கு ஏறிவிடுகின்றது. எழுவாய் எது என்று முதலிற் கண்டால், எந்தத் தொடரை ஆளுவது என்பதிற் பாதி ஐயம் தீரும்.

ஜான்ஸன் தம்மைப் பற்றி எழுதியபோதெல்லாம் பிறவினையே மிகுதி எனலாம். 1755 ஏப்ரல் 15-ஆம் தேதி 42,773 சொற்களுடன் இரு பெருந்தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. நாடு போற்றியது. தொடக்கத்தில் பாராமுகமாயிருந்து, முடிவில் புகழ்ந்தெழுதிய செஸ்டர்பீல்டு பிரபுவுக்கு அவர் விடுத்த நிருபம் பிரசித்தம். எனினும் மறு ஆண்டிலேயே கடனுக்காகக் கைதாகி, நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் அனுப்பிய பணத்தால் மீண்டார். 1759-இல் தாயார் இறக்க, ஈமச் செலவின் பொருட்டு 'ராஸெலஸ்' என்னும் கதையை ஒரு வாரத்து மாலைகளில் எழுதினார். இத்தகையவர் தம் நாட்குறிப்பில் ஆண்டுதோறும் எழுதிவந்தது, சோம்பலில் நாளைப் போக்கினேன், இனி அதிகாலையில் எழுவேன் என்னும் பிரதிக்கினையே. நண்பகல் வரை படுத்திருந்து, நள்ளிரவு கடந்தும் தேநீர் அருந்திப் பேசிக்கொண்டிருப்பது வழக்கமாயிருந்தது. ஒத்திவைத்தலைக் குறிக்கும் 'புட் ஆஃப்' என்னும் தொடருக்கு இலக்கியம் வேண்டுவோர் அவருடைய வாழ்க்கையையே காட்டலாம். 1762-இல் அரசாங்கம் ஆண்டுக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தபின் வறுமை நீங்கிற்று, அக்குணம் நீங்கவில்லை.

தந்தையார் யூட்டாக்ஸிட்டர் சந்தையில் புத்தகக் கடை போடுவதுண்டு. இளமையில் ஒருநாள் தம்முடன் வருமாறு அவர் அழைக்க, மகன் செருக்கினால் மறுத்துவிட்டார். தந்தை 1731-இல் இறந்தார். ஏறக்குறைய ஐம்பதாண்டு சென்றபின், மூப்பெய்திப் புகழின் உச்சியிலிருந்த ஜான்ஸன் தனியே அவ்வூர் சென்று, கடையிருந்த இடத்தில் தொப்பியைக் கழற்றி, வெறுந்தலையுடன் மழையில் நெடுநேரம் நின்றார். சந்தைக்கு வந்தோர் என்ன நினைத்தனரோ!

1783-இல் வாதம் தாக்கிப் பேச்சிழந்த இரவில், அறிவு கலங்கிற்றோ என்று சோதிக்க லத்தீனில் ஒரு பிரார்த்தனையைச் செய்யுளாகக் கட்டிப் பார்த்தார். செய்யுள் அவ்வளவு நன்றாயில்லையென்று தாமே உணர்ந்ததனால் அறிவு நிலைத்திருக்கின்றதென்று தேறினாராம். 1784 டிசம்பர் 13-ஆம் தேதி காலஞ்சென்றார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. இரவு வருகின்றதென நினைப்பூட்டும் சுவிசேஷச் சொற்களை அதன் முகத்தட்டில் கிரேக்கத்திற் பொறித்துவைத்திருந்தார். பிறர் கண்டால் அது பகட்டாகத் தோன்றுமென்று கருதிப் பின்னர் அத்தட்டைக் கழற்றிவிட்டார். அவர் இறந்தபின் அது நண்பர் ஒருவரிடம் இருந்தது.