சொந்த ஊரை எண்ணச் சொன்ன பேராசிரியர்! - காஞ்சிக்குப் பக்கத்துத் தூசியும் கில்பர்ட் ஸ்லேட்டரும்

காஞ்சிபுரத்துல இருந்து பாலாற்றைத் தாண்டினா, கொஞ்ச தூரத்தில் தூசி. பக்கத்திலேயே மாமண்டூர் ஏரியும் பல்லவர் குடைவரைகளும். ‘சரி, ஒரு ஊர்’னு பைக்ல கடந்து போயிடுவோம். ஆனா, இந்தியக் கிராமங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்றவங்களுக்கு இந்தப் பேர் நல்லாத் தெரியும். காரணம், கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற இங்கிலாந்துக்காரர்.

யார் இவர்?

1864-ல் பிளிமத் நகரத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்களை வேலி போட்டுத் தனியார் எடுத்துக்கொண்ட கதைதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காக நாடாளுமன்றச் சட்டங்களை மாவட்டம் மாவட்டமாக எடுத்துப் பட்டியல் போட்டார். பழைய முறை அப்போதும் மிச்சமிருந்த லாக்ஸ்டன் என்ற கிராமத்தைப் பற்றியும் எழுதினார். ஏட்டில் இருப்பதையும் ஊரில் இருப்பதையும் சேர்த்தே பார்க்கணும் என்ற பழக்கம் அங்கேயே வந்துவிட்டது. அந்தப் புத்தகம் 1907-ல் வெளியானது.

நடுவில் லண்டனின் வுல்விச் பகுதிக்கு மேயராக இருந்தார். பிறகு, தொழிலாளர்கள் படிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வர். 1915 கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து இறங்கினார்.

பாடப் புத்தகம் போதாது!

அரசாங்கத்திடம் அப்போதே கணக்குகள் நிறைய இருந்தன. 1911 சென்சஸ் முடிந்திருந்தது. நிலவரிக் கணக்கும் இருந்தது. ஆனா, ஒரு குடும்பம் என்ன சாப்பிடுது, யாரிடம் கடன் வாங்கியிருக்கு, ஏன் ஊரை விட்டுப் போகுது? இதெல்லாம் ஜில்லா கணக்கில் தெரியாது.

ஸ்லேட்டர் ஒரு வேலை செய்தார். நீளமான கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்து, சொந்த ஊருக்குப் போய் விசாரிச்சுட்டு வரச் சொன்னார். நிலம் யாரிடம், என்ன பயிர், எத்தனை மாடு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஊரையே புரட்டிப் பார்க்கும் கேள்விகள். திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி, தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, வடஆற்காட்டில் நம்ம தூசி என்று பல ஊர்கள். எல்லாம் சேர்ந்து 1918-ல் புத்தகமானது.

1920-களின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்து திரும்பினார். 1924-ல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றி அவர் எழுதிய புத்தகம் இங்கே பெரிதாகப் பேசப்பட்டது. 1938-ல் இறந்தார். கிராமக் கணக்கு மட்டும் சாகவில்லை.

திரும்பத் திரும்ப அதே ஊர்

1936-37-ல் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டர் ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்.குகன், கே.பரதனுடன் சேர்ந்து தூசியை மறுபடி ஆய்வு செய்தார். இருவேல்பட்டின் கதையை 2008 வரை தொடர்ந்து எழுதிவிட்டார்கள். பெரிய நிலக்காரர் பிடி தளர்ந்ததும், கூலி வேலை செய்தவர்கள் வேறு வேலைகளுக்கு நகர்ந்ததும் அதில் தெரியுது. ஒரே தடவை எண்ணியிருந்தா இது கிடைச்சிருக்காது.

ஒரு குறையும் உண்டு. 1916-ல் காலேஜ் போனவங்க பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவங்க எந்தத் தெரு வரைக்கும் போனாங்க, யார் வாசல்ல நின்னு கேட்டாங்க என்பதும் அந்த எண்களுக்குள்ளே இருக்கு. எந்தக் கணக்கை எடுத்தாலும் இதை முதலில் கேளுங்க: யார், யாரிடம் கேட்டு எழுதியது?

இப்போ உங்க கையில்...

ஸ்லேட்டருக்குக் கிடைக்காதது உங்க போன்ல இருக்கு. சென்சஸ் இணையதளத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ‘மாவட்ட சென்சஸ் கையேடு’ இலவசம். முதல் பாகத்தில் ஊரில் பள்ளி, குடிநீர், பஸ் வசதி. இரண்டாம் பாகத்தில் மக்கள்தொகை, எழுத்தறிவு, தொழில்.

எடுக்கும்போது எல்லையைக் கவனிங்க. காஞ்சி மாவட்டக் கையேட்டில் தூசியைத் தேடினா கிடைக்காது. பக்கத்தில் இருந்தாலும் அது திருவண்ணாமலை மாவட்டம். அதேபோல, 2011-ல் காஞ்சிபுரம் மாவட்ட மக்கள்தொகை 39,98,252 என்று பார்த்துட்டு இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிடாதீங்க. 2019-ல்தான் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தது. அந்தப் பழைய எண்ணில் அதுவும் சேர்ந்திருக்கு.

அடுத்து, கட்டத்தின் தலைப்பைப் படிங்க. காஞ்சியில் பட்டுத்தறி பற்றி எழுதணும்னு வெச்சுக்குவோம். சென்சஸில் ‘நெசவாளர்’ என்று தனிக் கட்டம் இல்லை. ‘வீட்டுத் தொழில்’ என்ற கட்டம்தான். நகரத்தில் குடியிருக்கும் வீட்டிலேயே சொந்தமா தறி போட்டு நெய்தால் அதில் வருவார். அதே ஆள் இன்னொருத்தர் கொட்டகையில் கூலிக்கு நெய்தால் ‘பிற தொழில்’ கட்டத்துக்குப் போயிடுவார். அதே தறி, அதே புடவை, வேற கட்டம்! இது தெரியாம, வீட்டுத் தொழில் எண் குறைந்ததைப் பார்த்து ‘நெசவே அழிஞ்சுபோச்சு’னு எழுதினா தப்பாயிடும். நெசவாளர் எண்ணிக்கைக்குக் கைத்தறி சென்சஸ் தனியா இருக்கு. கடைசியாக 2019-20-ல் வெளியானது. இரண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

வீட்டில் தார் சுத்தும் அம்மாவையும் மறந்துடாதீங்க. குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் செய்யும் வேலையும் சென்சஸ் விதிப்படி வேலைதான். ஆனா, ‘அவங்க வீட்லதான் இருக்காங்க’னு வாசலில் யாராவது சொல்லிட்டா, அவர் வேலை இல்லாதவர் பட்டியலில் சேர்ந்துடுவார். அதனாலதான் ஏட்டைப் பார்த்த பிறகு ஒரு தெருவுக்காவது நேரில் போகணும்.

2021-ல் நடக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போய் 2027-க்கு வந்திருக்கு. உங்க ஊரின் 2011 கணக்கை இப்பவே எடுத்து வெச்சுக்கோங்க. புது எண் வரும்போது ஒப்பிட உதவும். உங்க வீட்டுக் கதவைத் தட்டி, ‘வீட்ல யார் யார் என்ன வேலை?’னு கேட்டா, அம்மாவோட வேலையையும் சேர்த்துச் சொல்லுங்க.