மணிக்கணக்கில் ஒலித்த தோடி: நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கை

கல்யாண்: மாட்டுங்கா, செம்பூர், கல்யாண் எனத் தமிழர் வாழும் பகுதிகளில் திருமணத்துக்கோ கோயில் விழாவுக்கோ நாதஸ்வரம் ஒலிக்கும்போது, இசையறிந்த முதியோர் நினைவுகூரும் பெயர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. அவரை நேரில் கேட்ட தலைமுறை அருகிவிட்டபோதிலும், அவர் வாசித்த தோடி ராகத்தின் நினைவு இன்னும் பேசப்படுகிறது.

1898 ஆகஸ்ட் 27 அன்று திருமருகலில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இளமையிலேயே தந்தையை இழந்து, திருவாவடுதுறை ஆதீன வித்வானான மாமன் நடேச பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். முதலில் வாய்ப்பாட்டுப் பயின்ற பின்னரே நாதஸ்வரத்தைக் கையில் எடுத்தார். பாடுவதைப் போன்றே வாசிக்கும் அவரது பாணிக்கு அதுவே அடித்தளமாயிற்று.

காவிரிக்கரை ஊர்களில் சுவாமி புறப்பாட்டின்போது வீதிகளே அவரது அரங்கமாயின. கீர்த்தனைக்கு முன்னுரையாக அமையும் ராக ஆலாபனையை அவர் மணிக்கணக்கில் விரித்தார். எழுதி வைத்துக்கொண்டோ, ஒத்திகை பார்த்தோ வாசிப்பதன்று அது. அந்த நேரத்துக் கற்பனை. நேற்றைய தோடி இன்று வராது என்பதை அறிந்த ரசிகர்கள், அவரைத் தொடர்ந்து ஊர் ஊராகச் சென்று விடியும்வரை கேட்டனர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் அவருக்குப் பக்கபலமாக விளங்கியது. வாய்ப்பாட்டு மேதை ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் ராக ஆலாபனையிலும் ராஜரத்தினத்தின் தாக்கம் உண்டு.

உரத்த சுருதி கொண்ட திமிரி நாதஸ்வரத்துக்கு மாற்றாக, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் துணையுடன் நீளமும் கனிந்த ஒலியும் கொண்ட பாரி நாதஸ்வரத்தை அவர் பரவச் செய்தார். இடுப்பில் துண்டு கட்டி நின்றே வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் ஏற்க மறுத்தார். பாடகர்களுக்கு இணையாக மேடையில் அமர்ந்து வாசித்ததன் மூலம் தம் குலக் கலைஞர்களுக்கு மதிப்பைப் பெற்றுத் தந்தார்.

1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ திரைப்படத்தில் நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனக் குழுவினருடன் தில்லி சென்று, செங்கோல் வழங்கப்பட்ட நிகழ்வில் வாசித்தார்.

அவரது தோடி கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. ஆனால் அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களுக்குச் சற்றே அதிகமாகத்தான் ஓடும். 1971-இல் அமெரிக்கத் தென்மாநில ராக் இசைக்குழுவான ஆல்மன் பிரதர்ஸ், நியூயார்க் நிகழ்ச்சியில் இருபது நிமிடங்களைக் கடந்து வாசித்த பாடல், நெடுந்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்தது. அத்தகைய வசதி ராஜரத்தினத்தின் காலத்தில் வாய்க்கவில்லை. எனவே அவரது நீண்ட இரவுகளுக்குக் கேட்டவர்களின் நினைவே சான்றாக நிற்கிறது.

பெரும்பொருள் ஈட்டியும் சேமிக்கும் வழக்கமற்ற அவர், 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில், தமது 58-ஆம் வயதில் காலமானார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்றே இசையுலகம் இன்றும் அவரைக் குறிப்பிடுகிறது.