வெள்ளை அணுக்களை அடக்கிய சுப்பாராவ்

குட்டீஸ், காய்ச்சல் என்று தேனி பக்கம் கானாவிலக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள் அல்லவா? அந்தச் சீட்டில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இருக்கும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பெரியவர்களுக்குச் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். கிருமி புகுந்தால் கூடும். தொப்பை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மூன்றும் சேர்ந்தவர்களுக்கும் சற்று கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ரத்தப் புற்றுநோயில் சிலருக்கு லட்சத்தையே தாண்டிவிடும்! அதை அடக்கும் மருந்துக்கு வழிகாட்டியவர் நம் சென்னையில் படித்தவர்தான்.

அவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை பெயில்! மூன்றாம் முறை சென்னையில் எழுதித் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, காந்திஜியின் பேச்சைக் கேட்டு, ஆபரேஷன் அறைக்கே கதர் அங்கியுடன் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் பேரிடி. தீராத வயிற்றுப்போக்கால் உடம்பை உருக்கும் 'ஸ்ப்ரூ' என்ற நோய், உடன்பிறந்த இருவரைச் சில நாள் இடைவெளியில் பறித்துக்கொண்டது.

அமெரிக்கா போன சுப்பாராவ், இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவிக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் கூடை சுமக்கும் கைக்கும், மைதானத்தில் ஓடும் உங்கள் காலுக்கும் சக்தி தருவது ஏ.டி.பி. என்ற பொருள். 1929-ல் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அதைத் தசையிலிருந்து பிரித்துக் காட்டினார். (ஜெர்மனியில் லோமனும் அதே ஆண்டில் கண்டுபிடித்தார்!) ஆனாலும் ஹார்வர்டில் பதவி உயர்வு இல்லை.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார். கீரையில் இருக்கும் ஃபோலிக் அமிலத்தை 1945-ல் அவரது குழு செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அது நல்ல மருந்து. உடன்பிறந்தவர்களுக்குத்தான் இருபது வருஷம் தாமதம்.

அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அப்படியானால் அதைப் போலவே இருக்கும் ஒரு போலியைக் கொடுத்து ஏமாற்றினால்? அவரது குழு செய்த அந்தப் போலிதான் அமினோப்டெரின். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் அந்தச் செய்தி வெளியானது.

அந்த ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் மருந்தை, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள்.